கடைசியா வர்றவனுக்கு ஒரு ஆமை: நெடுந்தூரக் குதிரை ஓட்டமும் புதுசா வர்ற பிள்ளைகளும்

போன மாசம் தக்கலைப் பக்கம் ஒரு சாயாக்கடையில உக்காந்து போன்ல பழைய போட்டோவ எல்லாம் தள்ளித்தள்ளி பாத்துட்டு இருந்தேன், பக்கத்து பெஞ்சுல இருந்த பையன், ஒரு 16, 17 வயசு இருக்கும், எட்டிப் பாத்துட்டு "அண்ணே இது குதிரை ரேஸா"ன்னு கேட்டான். ரேஸ் இல்லடே, எண்டூரன்ஸ்னு சொல்லுவாவ, 80 கிலோமீட்டர், 120, 160ன்னு ஒரே நாள்ல ஒரே குதிரையில போறதுன்னு சொன்னேன். அவன் சாயாவ ஒரு மடக்கு குடிச்சுட்டு கேட்டான், "அப்போ கடைசியா வந்து சேர்ந்தா ரொம்ப கேவலமா இருக்குமே அண்ணே?" அமெரிக்காவுல நிறைய ரைடுகள்ல கடைசியா முடிக்கிறவனுக்குன்னே தனியா ஒரு பரிசு உண்டு, ஆமைப் பரிசுன்னு பேருன்னு சொன்னேன். நான் கிண்டல் பண்றேன்னு நெனச்சு சிரிச்சான்.

கிண்டல் இல்ல, நிஜமாவே உண்டு. ஆனா அந்த ஆமைய விளக்கணும்னா மொத்த விளையாட்டையும் விளக்கணும், சாயாக்கடையில அதுக்கு நேரம் இல்ல, அதனால இங்க எழுதுறேன்.

80 கிலோமீட்டர்னா நம்ம ஊர்க் கணக்குல நாகர்கோவில்ல கிளம்பி ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி திருநெல்வேலி போய்ச் சேர்ற தூரம். 160ன்னா போயிட்டு அன்னைக்கே திரும்பி வர்றது. இந்த விளையாட்டு இப்போ இருக்குற வடிவத்துக்கு வந்தது கலிபோர்னியாவுல, 1955ல வெண்டெல் ரோபின்னு ஒருத்தர் சில கூட்டாளிகளச் சேத்துக்கிட்டு சியரா நெவாடா மலையத் தாண்டி 100 மைல ஒரே நாள்ல போய்க் காட்டினாரு, அதாவது 160 கிலோமீட்டர். அதுதான் டெவிஸ் கப்னு இன்னைக்கும் நடக்குது. 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், முடிக்கும்போது குதிரை நல்ல நிலையில இருக்கணும், அப்படி முடிச்சா பெல்ட்டுல மாட்டுற ஒரு வெள்ளி பக்கிள் குடுப்பாங்க. முதல்ல வந்தவனுக்கும் அதே பக்கிள், விடியக்காலம் கண்ணு சொருகிட்டு வந்து சேர்ந்தவனுக்கும் அதே பக்கிள்தான். கிளம்புற கூட்டத்துல ஏறக்குறைய பாதிதான் முடிக்கும். 1972ல இதுக்குன்னு அங்க ஏ.இ.ஆர்.சி.ன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அவங்களோட வாசகமே முடிச்சா ஜெயிச்ச மாதிரிங்கறதுதான். 50 மைல் ரைடுக்கு, அதாவது நம்ம திருநெல்வேலி தூரத்துக்கு, அவங்க குடுக்குற நேரம் ஓய்வையும் சேத்து 12 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு 7 கிலோமீட்டர் கூட வராது, நடையும் நடுவுல கொஞ்சம் துள்ளோட்டமுமா போனாலே போதும். வேகம்தான் கஷ்டம்னு நெனச்சுட்டு வர்றவங்க முதல்ல முழிக்கிறது இங்கதான்.

கஷ்டம் எங்கன்னா வெட் கேட்ல. ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் (ஒரு சுத்து 20லேருந்து 40 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கும்) குதிரைய டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28லேருந்து 44 வரைக்கும் துடிப்பு இருக்கும், ஓடிட்டு வரும்போது அது எங்கேயோ போயிருக்கும், வந்து சேர்ந்து குறிச்ச நேரத்துக்குள்ள 64க்கு, சில இடத்துல 60க்கு, எறங்கியிருக்கணும். அப்புறம் தோலக் கிள்ளி விட்டுப் பாப்பாங்க, சட்டுனு பழைய இடத்துக்குப் போகாம மடிப்பு நின்னா உடம்புல வெள்ளம், அதான் தண்ணி, வத்திப்போச்சுன்னு அர்த்தம். ஈறுல விரல வச்சு அழுத்தி எடுத்து ரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்பாங்க. வயித்துல ஸ்டெத்தாஸ்கோப் வச்சு குடல் சத்தம் கேப்பாங்க, சத்தமே இல்லாத வயிறுதான் பயப்பட வேண்டிய வயிறு, ஏன்னா குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ள என்ன சிக்கினாலும் வலி அங்கயேதான். கடைசியா நேர்க்கோட்டுல துள்ளோட்டமா ஓட்டிக் காட்டணும், நொண்டுதான்னு பாக்க. இதுல எதுல தப்பு வந்தாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது, நீ முதல்ல வந்திருந்தாலும் சரி.

இதுல புது ஆளுங்களுக்கு ரொம்ப சாதகமான ஒரு விஷயம் இருக்கு. சர்வதேச விதியில நடுவுல வர்ற சுத்துகள்ல கோட்டத் தாண்டினதோட உன் நேரம் நிக்காது, குதிரைய டாக்டர்கிட்ட காட்டுற வரைக்கும் கடிகாரம் ஓடிட்டே இருக்கும். அமெரிக்காவுல புது ஆளுங்க நிறைய கலந்துக்குற 25, 30 மைல் ரைடுல கடைசிக் கோட்டுக்குமே இதே மாதிரிதான், துடிப்பு எறங்கின பிறகுதான் முடிச்ச நேரம்னு எழுதுவாங்க. அப்போ கடைசி ரெண்டு கிலோமீட்டர நாலுகால் பாய்ச்சல்ல தூசி கெளப்பிட்டு வந்தவன், குதிரையோட நெஞ்சு அடங்க 15 நிமிஷம் காத்துட்டு நிப்பான், கடைசி ஒரு கிலோமீட்டர்ல எறங்கி, வார லூஸ் பண்ணி, கூடவே நடந்து வந்த சின்னப் பொண்ணு மூணு நிமிஷத்துல உள்ள போயிடும். இதப் பாத்துட்டா ஒரு பிள்ளைக்கு இந்த விளையாட்டு புரிஞ்சிரும். பாடம் எடுக்கவே வேண்டாம்.

இப்போ என் கதை கொஞ்சம். நான் வளைகுடாவுல நாலு வருஷம் குதிரை லாயத்துல வேலை பாத்தவன், சயீஸ்னு சொல்லுவாங்க, சாணி அள்றதுலேருந்து ரைடு அன்னைக்கு வண்டியில கூடவே போய் ரைடருக்கு வெள்ளம் நிறைச்ச பாட்டில நீட்டறது வரைக்கும். எந்த நாடு, எந்த லாயம்னு வேண்டாம். அங்க வடநாட்டுலேருந்து ஒரு புதுப் பையன் ரைடரா வந்தான், 17 வயசு, நல்லா உக்காருவான், கை மெத்துனு இருக்கும். அவனோட ரெண்டாவது ரைடோ மூணாவது ரைடோ, காலையில சேணம் கட்டும்போது வார் இவ்வளவு இறுக்கினா போதுமான்னு டிரெயினர்கிட்ட கேட்டான். அதுக்கு அந்த ஆளு எல்லார் முன்னாடியும் விட்டான் பாருங்க ஒரு வசவு, இது கூடத் தெரியாதவன எவன் அனுப்பினான்னு. பையன் முகம் செத்துப்போச்சு. அன்னைக்கு ரெண்டாவது சுத்து நடுவுல அவன் ஏறியிருந்த சாம்பல் நிறப் பெட்டைக்கு இடது முன்னங்கால்ல என்னமோ ஆகியிருக்கு. முன்னங்கால் வலிச்சா அந்தக் கால் தரையில படும்போது குதிரை தலைய மேல தூக்கும், மேல இருக்கிறவனுக்கு அது லகான்லயே தெரியும். அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. ரோட்டோரம் நான் பாட்டில் நீட்டும்போது கூட ஒண்ணும் சொல்லல. வெட் கேட்ல டாக்டர் பாத்த உடனே வெளிய எடுத்துட்டாரு, தசைநாண் போச்சு, அந்தப் பெட்டை அப்புறம் எந்த ரைடுக்கும் போகல. ராத்திரி அவன் என்கிட்ட சொன்னான், பத்து கிலோமீட்டர் முன்னாடியே தெரியும் பாய், கேட்டா மறுபடியும் திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்னு.

நான் இத ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அவன் மேல கோபப்பட என்னால முடியல. கேள்வி கேக்க பயப்படுற ரைடருக்குக் கீழ இருக்குற குதிரை மாதிரி ஆபத்துல இருக்குற ஜீவன் வேற கிடையாது. புது ஆள நல்லா நடத்தணும், சிரிச்ச முகமா வரவேற்கணும்னு சொல்லும்போது ஏதோ மரியாதைக்குச் சொல்ற மாதிரி நிறைய பேர் நெனைக்கிறாங்க. மரியாதை அப்புறம் இருக்கட்டும். புதுசா வந்தவன் வாயத் தொறந்து "இவ ஒரு மாதிரி நடக்குறா, என்னன்னு பாருங்க"ன்னு சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி அவன் கேட்ட பத்து முட்டாள்தனமான கேள்விக்கு எவனாவது பொறுமையா பதில் சொல்லியிருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. கொள்ளுன்னா வாயத் தொறக்கும் கடிவாளம்னா மூடிக்கும்னு குதிரையச் சொல்லுவோம், மனுசனும் அப்படித்தான், வசவுன்னா மூடிப்பான்.

இது புதுப் பிரச்சினையும் இல்ல. 13ஆம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தப் பத்தி எழுதியிருக்காரு, நமக்கு அடுத்த வீடுதான், தாமிரபரணி கடல்ல சேர்ற இடம். அரபு நாட்டுலேருந்தும் பாரசீகப் பக்கத்துலேருந்தும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல வாங்குறாங்க, வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சறதில்ல, பாத்துக்கத் தெரிஞ்ச ஆளும் இல்ல, லாடம் அடிக்கிற ஆளும் இல்லங்கறாரு. அதுக்கு மேல ஒண்ணு சொல்றாரு பாருங்க, விக்கிற வியாபாரிங்களே லாடக்காரங்கள இங்க வர விடுறதில்லயாம், குதிரை செத்தாத்தான அடுத்த வருஷமும் யாவாரம். எண்ணிக்கையில வெளியூர்க்காரர் கொஞ்சம் அளந்து விட்டிருக்கலாம், எனக்கு சந்தேகம்தான். ஆனா தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுக்காம வச்சுக்கிட்டா சாகறது குதிரைங்கறது மட்டும் 700 வருஷமா மாறல.

அதனாலதான் இந்த விளையாட்டுல வரவேற்பையே விதியா எழுதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல 16 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்க பொதுவா தனியா போக முடியாது, பெரியவங்க ஒருத்தர் ஸ்பான்சரா கூடவே குதிரையில போகணும், காசு குடுக்குற ஸ்பான்சர் இல்ல, கூட வர்ற ஆளு. கிளம்புறதுலேருந்து முடிக்கிற வரைக்கும் பிரியக்கூடாது. பெரியவரோட குதிரை வெட் கேட்ல நின்னுபோச்சுன்னா பிள்ளை வேற ஒரு பெரியவரத் தேடிப் பிடிக்கணும், கிடைக்கலன்னா அதுவும் நிக்கணும். டெவிஸ் கப்லயே 12 வயசுலேருந்து விடுறாங்க. இதுல பெரியவருக்கு என்ன லாபம்? ஒண்ணும் இல்ல. தன் குதிரையோட வேகத்த விட்டுக்குடுத்துட்டு, ஒரு பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தா நின்னு, பசிச்சா நின்னு, போர் அடிக்குதுன்னா கதை சொல்லி, நாள் முழுக்க பின்னாலயோ பக்கத்துலயோ போகணும். ஆனா அங்க பழைய ரைடருங்க இத வரிஞ்சு கட்டிட்டு செய்றாங்க, ஏன்னா அவங்களையும் ஒருத்தர் அப்படித்தான் கூட்டிட்டுப் போயிருக்காரு.

நமக்கு இது விளங்காத விஷயமே இல்ல. சிவாலய ஓட்டம் ஓடினவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு இப்பவே புரிஞ்சிருக்கும். சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில கிளம்பி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனைன்னு 12 கோயில், கடைசி திருநட்டாலம், 100 கிலோமீட்டருக்கு மேல, கையில விசிறி, வாயில கோபாலா கோவிந்தா. நான் முதல்தடவ போனது மாமன் கூட, எனக்கும் அப்போ 17தான். கிளம்பின உடனே கூட்டத்தோட சேந்து பறந்தேன், மாமன் பின்னால வந்து துண்டப் பிடிச்சு இழுத்தாரு, "எலே, பைய போலே, முஞ்சிறையில ஓடுறவன் பொன்மனையில படுத்துக் கெடப்பான்". அதே மாதிரி பொன்மனை போகும்போது ரோட்டோரம் படுத்துக் கெடந்த ஆளுங்கள எனக்குக் காட்டிட்டே வந்தாரு, கொஞ்சம் பெருமையா வேற. வழி முழுக்க வீட்டு வாசல்ல சுக்குவெள்ளமும் பானகமும் மோரும் வச்சுட்டு நிக்கிற ஆளுங்க நீ முதல் தடவயா பத்தாவது தடவயான்னு கேக்கறதில்ல, கால்ல கொப்புளம் வந்தா யாருன்னே தெரியாத ஒரு அண்ணன் உக்கார வச்சு எண்ணெய் போட்டு விடுவாரு. எண்டூரன்ஸ் ரைடோட நல்ல முகம் அப்படியே இதுதான். வித்தியாசம் என்னன்னா இங்க வலிக்கிறது நம்ம கால், அதனால நமக்கே தெரியும், அங்க வலிக்கிறது வேற ஒருத்தரோட கால்.

மாமன் சொன்ன அந்த முஞ்சிறை விஷயம் குதிரைக்கு இன்னும் பெருசு. குதிரை கூட்டமா வாழுற மிருகம், நாப்பது குதிரை ஒரே நேரத்துல கிளம்பினா உன் குதிரைக்குப் பைத்தியம் பிடிச்சிடும், புது ஆளால பிடிச்சு நிறுத்த முடியாது. அதனால புது ஆளுங்கள கூட்டம் போய் 10, 15 நிமிஷம் கழிச்சு தனியா அனுப்பறது நல்லது, நேரம் போகுதேன்னு யோசிக்கவே வேண்டாம், அந்த 15 நிமிஷத்த முதல் வெட் கேட்ல துடிப்பு சீக்கிரம் எறங்குறதுலயே பாதி திருப்பி எடுத்துடலாம். வால்ல ரிப்பன் கட்டுற வழக்கம் ஒண்ணு இருக்கு, சிவப்புன்னா உதைக்கிற குதிரை தள்ளி வா, பச்சைன்னா புதுசு கொஞ்சம் பொறுத்துக்கோ, நம்ம எல் போர்டு மாதிரிதான், ஆனா எல் போர்டப் பாத்தா நம்ம ஊர்ல ஹாரன் அடிப்பான், அங்க ஒதுங்குவான். எனக்கு ரொம்பப் பிடிச்ச மரியாதை தண்ணித்தொட்டி மரியாதைதான். ரெண்டு குதிரை ஒண்ணா வெள்ளம் குடிக்குது, உன் குதிரை குடிச்சு முடிச்சுதுன்னு நீ கிளம்பிட்டேன்னா மத்தது பாதியில வாய எடுத்துட்டு உன் பின்னால வந்துடும், கூட்டத்த விட்டுப் பிரிய அதுக்குப் பயம். 20 கிலோமீட்டர் தாண்டினா அந்தக் குதிரை விழுந்துடும், காரணம் யாருக்கும் தெரியாது. அதனால கடைசிக் குதிரை தலைய நிமித்துற வரைக்கும் எல்லாரும் நிக்கணும். இது எத்தனையோ இடத்துல விதிப்புத்தகத்துல கூட இருக்காது, கூட வர்ற ஆள் சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு. கூட்டத்துக்கு எல்லாம் கடைசியில ரெண்டு பேரு குதிரையில வருவாங்க, யாரும் வழியில விட்டுப்போகலன்னு பாத்துட்டே, ஆமைப் பரிசு வாங்கப் போறவனுக்கு அவங்கதான் துணை.

சரி நம்ம மாவட்டத்துக்கு வருவோம். பத்மநாபபுரம் அரண்மனை பூமுகத்துல தொங்குற குதிரைக்கார விளக்கப் பாத்திருப்பீங்க, எப்படித் திருப்பி விட்டாலும் அப்படியே நிக்கும்னு கைடு சொல்லுவாரு. நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்குத் தெரிஞ்ச குதிரை அதுதான், இல்லன்னா கல்யாண ஊர்வலத்துல வர்றது. நேர ஏறி பீச்சுல பாய்ச்சல் விட்டு ரீல்ஸ் எடுக்கணும்னு ஆசை வர்றது இயற்கை, எனக்கும் இருந்துச்சு. ஆனா சொத்தவிளை மாதிரி இடத்துல காலு புதையுற மணல்ல பழக்கமில்லாத குதிரைய ஓட்டறதுதான் தசைநாண அறுக்கறதுக்கு ரொம்ப சுலபமான வழி. தார் ரோட்டுல துள்ளோட்டம் ஓட்டறது அதுக்கு அடுத்தது. நமக்கு அமைஞ்சது ரப்பர் எஸ்டேட் மண்ணுப்பாதையும் சானல் கரையும், நிழலு, ஏத்த எறக்கம், குலசேகரம் பக்கமெல்லாம் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மழை ரெண்டு பருவமும் இங்க பெய்யும், அப்போ சேறு, குளம்பு ஊறிப்போகும், அது வேற பாடு. லாடத்துக்கும் பாடுதான், மாட்டுக்கு லாடம் கட்டுறவர் இருக்காரேன்னு கூட்டிட்டு வந்துடாதீங்க, மாட்டுக் குளம்பு ரெண்டா பிளந்தது, அதுக்கு ரெண்டு தகடு, குதிரைக்கு ஒரே வளையம், ஆணி போற கோணமே வேற.

எல்லாத்தையும் விட பெரிய எதிரி நம்ம புழுக்கம். ரைடருங்க ஒரு வாய்க்கணக்கு வச்சிருக்காங்க, வெயில பாரன்ஹீட்ல எடுத்து அதோட ஈரப்பத சதவீதத்தக் கூட்டு, 120க்குக் கீழ வந்தா கவலை இல்ல, 150 தாண்டினா ஜாக்கிரதை, 180னா வீட்டுல இரு. நம்ம ஊர்ல சாதாரணமா ஒரு நாள் 31 டிகிரி, ஈரப்பதம் 75 இருக்குன்னு வைங்க, 31ங்கறது 88 பாரன்ஹீட், கூட்டினா 163. அதாவது நமக்கு ஜாக்கிரதை நாள்தான் சாதாரண நாள். கடும் வேலையில குதிரை மணிக்கு 10லேருந்து 15 லிட்டர் வரைக்கும் வேர்க்கும், நம்ம வேர்வைய விட உப்பு அதிகம், அதுல லாதெரின்னு ஒரு புரதம் இருக்கு, அதுனாலதான் கழுத்துல சோப்புநுரை மாதிரி பொங்குது. புழுக்கத்துல அந்த வேர்வை காயாம வழியும், காயலன்னா உடம்பு ஆறாது. 2018ல அமெரிக்காவுல டிரையான்ல நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டியில எண்டூரன்ஸ பாதியிலயே நிறுத்திட்டாங்க, வெயிலும் ஈரமும் சேந்து குதிரைக்கு ஆபத்துன்னு. உலகத்துலயே சிறந்த குதிரையும் சிறந்த ஆளும் நிக்கிற இடத்துலயே அந்த கதின்னா, நம்ம பிள்ளை பத்து மணி வெயில்ல எதுக்கு ஓட்டணும்? விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பணும், எட்டு மணிக்கெல்லாம் லாயத்துல இருக்கணும். இன்னொண்ணு, சூடா இருக்குற குதிரை மேல பச்சத்தண்ணி ஊத்தாதே ஜன்னி வரும்னு பெரியவங்க சொல்லுவாவ, அது தப்பு, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் சமயத்துல இதுக்குன்னே ஆராய்ச்சி பண்ணி, குளிர்ந்த தண்ணிய நிறைய, நிறுத்தாம ஊத்தறதுதான் நல்லதுன்னு காட்டிட்டாங்க.

புது ஆளுங்க ஏமாந்து போற இன்னொரு இடம் உண்டு. ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா பழக்கினா குதிரையோட நெஞ்சும் நுரையீரலும் சூப்பரா தேறிடும், மூச்சே வாங்காது, நமக்கோ நம்ம ஆளு ரெடின்னு தோணும். தசைநாணும் எலும்பும் அதே அளவுக்குத் தேற ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். எஞ்சின் புதுசு, சேஸ் பழசுங்கற கதை. இந்த இடைவெளியிலதான் குதிரைங்க நொண்டியாகுது, அதுவும் ஆர்வமான பிள்ளைங்க கையிலதான் அதிகம், ஏன்னா சோம்பேறிப் பையன் அவ்வளவு ஓட்டவே மாட்டான். இங்கதான் ஒரு பெரியவர் வேணும், இன்னைக்குப் போதும் எறங்குன்னு சொல்றதுக்கு. அதே மாதிரி, டாக்டர் போகலாம்னு சொன்ன பிறகும் ரைடரே தனக்கு மனசு ஒப்பலன்னு குதிரைய நிறுத்திக்க உரிமை உண்டு. பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்ப கஷ்டம், வீட்டுல சொல்லிட்டு வந்திருப்பாங்க, ஸ்டேட்டஸ் போட்டிருப்பாங்க. அந்த நேரத்துல அவன் நிறுத்தினதுக்கு சுத்தி நிக்கிற சீனியருங்க என்ன முகம் காட்டுறாங்கங்கறதுல இருக்கு, அடுத்த தடவ அவன் நிறுத்துவானா மாட்டானாங்கறது.

வளைகுடா லாயங்களப் பத்தி சொன்னேன், எல்லா லாயமும் அப்படின்னு சொல்ல வரல, தங்கமான டிரெயினருங்களும் இருந்தாங்க. ஆனா தட்டையான பாலைவனமும் பெரிய பணமும் சேந்தப்போ விளையாட்டு வேற ஆகிப்போச்சு, 2015ல உலகக் கூட்டமைப்பே எமிரேட்ஸ் சங்கத்த குதிரை நலன் காரணம் காட்டி சில மாசம் சஸ்பெண்ட் பண்ணி வச்சுது. முடிச்சா ஜெயிச்ச மாதிரிங்கற பேச்சு போய், ஜெயிச்சாத்தான் முடிச்ச மாதிரின்னு ஆன இடத்துல புது ஆளுக்கு நின்னு சொல்லிக் குடுக்க யாருக்கு நேரம்?

நல்ல உதாரணமும் பக்கத்துலயே இருக்கு. மலப்புறத்துப் பொண்ணு நிதா அஞ்சும், 2023ல பிரான்ஸ்ல காஸ்தெல்சக்ராத்துல நடந்த இளம் ரைடர்கள் உலகப் போட்டியில 120 கிலோமீட்டர 7 மணி 29 நிமிஷத்துல முடிச்சுது, எப்சிலான் சாலுன்னு ஒரு பெட்டைக் குதிரையில. அந்தப் போட்டிய முடிச்ச முதல் இந்தியப் பொண்ணு. அந்த நேரத்தக் கணக்குப் போட்டா மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கத்துல வருது, மார்த்தாண்டத்துல நெரிசல்ல போற டவுன் பஸ் வேகம்தான், ஆனா அத ஏழரை மணி நேரம் குதிரை நொண்டாம, நெஞ்சு ஏறாம பிடிச்சு வைக்கிறதுலதான் மொத்த வித்தையும் இருக்கு. பொண்ணுங்களுக்குத் தனி, ஆம்பளைங்களுக்குத் தனின்னு குதிரையேத்தத்துல பிரிவே கிடையாது, இது நம்ம ஊர்ல பொண்ணப் பெத்தவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

குதிரைக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, இந்தியாவுல இந்தப் பக்கம் வர்றவங்க பெரும்பாலும் ராணுவம், போலீஸ், காசு உள்ள வீட்டுப் பிள்ளைங்க. குதிரை வாங்குற செலவ விட வச்சுக்கிற செலவுதான் ஆளக் கொல்லும். ஆனா குதிரையே இல்லாம உள்ள வர ஒரு வாசல் உண்டு, எனக்குத் தெரிஞ்சு அதுதான் நல்ல வாசலும் கூட. ரைடு நடக்குற இடத்துல துடிப்பு எண்ண ஆள் வேணும், டாக்டர் பக்கத்துல நின்னு அவர் சொல்றத கார்டுல எழுத ஆள் வேணும், வாளி தூக்க ஆள் வேணும். டாக்டர் பக்கத்துல ஒரு நாள் கார்டு எழுதினா நாப்பது குதிரையோட நடையப் பாத்துடலாம், எது நல்ல நடை எது கெட்ட நடைன்னு கண்ணு பழகிடும், சொந்தக் குதிரை வச்சுருக்கிறவனுக்கு பத்து வருஷத்துல கூட அது வராது. அப்படிப் பழகின பிள்ளைக்கு நாளைக்கு ஒருத்தர் நம்பி குதிரை குடுப்பாரு. ஏறும்போது ஹெல்மெட்டும் குதி வச்ச ஷூவும் மட்டும் போதும், பாதம் அங்கவடிக்குள்ள வழுக்கிப் போயி மாட்டிக்கக் கூடாது, அதுக்குத்தான் குதி. ஆளும் சேணமும் சேத்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு கணக்கு உண்டு, 350 கிலோ இருக்குற மார்வாரிக்கு (ராஜஸ்தான் பக்கத்து ஜாதிக் குதிரை) 70 கிலோ, ஒல்லிப் பிள்ளைங்க இதுல பெரியவங்கள விட முன்னாடி.

அந்த சாயாக்கடைப் பையன் நம்பர் வாங்கிட்டுப் போனான், ஞாயித்துக்கிழமை நிஜமாவே வந்துட்டான். குலசேகரம் பக்கம் என் கூட்டாளி எஸ்டேட்ல ஒரு வயசான மார்வாரிப் பெட்டை வச்சிருக்கான், அங்க கூட்டிட்டுப் போனேன். ஏறணும்னு கேட்டான், இன்னைக்கு இல்லன்னு சொல்லி ஸ்டெத்தாஸ்கோப்பக் கையில குடுத்தேன், இடது முழங்கைக்குப் பின்னால வச்சு 15 செகண்ட் எண்ணு, நாலால பெருக்குன்னேன். எண்ணினான். முகம் மாறிப்போச்சு. என்னலேன்னா ஒண்ணும் சொல்லல, ஸ்டெத்தாஸ்கோப்ப என்கிட்ட நீட்டினான். சொல்லுலே மக்கா, தப்பா இருந்தா என்ன இப்போ. "20 அண்ணே. அப்போ 80. இவளுக்கு ஏதோ ஆயிட்டு, நான் வந்ததுனாலயா?" எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன், நானும் முதல்தடவ அதேதான் பண்ணினேன். குதிரை நெஞ்சு மெதுவா அடிக்கும், லப்பும் டப்பும் தனித்தனியா கேக்கும், ரெண்டும் சேந்துதான் ஒரு துடிப்பு, நீ ரெண்டையும் எண்ணிட்டன்னு சொன்னேன். மறுபடி காதுல மாட்டிக்கிட்டு கண்ண மூடி எண்ணினான், அவ பாட்டுக்கு வைக்கோல மென்னுட்டே நின்னா.

"பத்து"ன்னான்.